செய்தித்தாள் பாடம் சண்டையில் முடிகிறது: பதில்

வகுப்புல செய்தித்தாளை வெச்சுப் பாடம் நடத்துனா பசங்க சண்டையில முடியுது, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. பசங்ககிட்ட ‘நீ என்ன நினைக்கிறே?’ங்கிற கேள்வியை முதல்ல எடுத்துடுங்க. ‘இது செய்தியாளருக்கு எப்படித் தெரிஞ்சுது?’ன்னு கேளுங்க.

நொய்யல் ஆத்துல சாயப்பட்டறைக் கழிவு கலக்கற செய்தியை வெச்சதும் ஒன்பதாம் வகுப்பு ரெண்டாப் பிரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க. திருப்பூர்ப் பக்கம் அது நடக்கும்ங்க. ஒரு பையனோட அப்பாவுக்குச் சாயப்பட்டறையில வேலை; பக்கத்துல உக்கார்றவன் வீட்டுக் கிணறு கெட்டுப்போனது. கருத்துக் கேட்டா ரெண்டு பேரும் வீட்டுக்காகத்தான் பேசுவாங்க.

இதைச் செஞ்சு பாருங்க. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட்ல தொடங்குனப்போ, 1,045 நீர்நிலைகளுக்குப் பவானி ஆத்து உபரிநீர் குழாய் வழியா வரும்னு செய்தி வந்துது. உங்க ஊர்க் குளம் அந்தப் பட்டியல்ல இருக்கா? தண்ணி வந்துதா? யார் பார்த்தாங்க, என்னைக்கு? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவங்ககிட்டயும் கேட்டு, தேதி போட்டு எழுதிட்டு வரட்டும். செய்தியும் நோட்டும் ஒத்துப்போகாத இடத்துல நின்னு பேசுங்க, பாடமே அங்கதானுங்க இருக்கு. ‘குளத்துல நிக்கறது மழைத்தண்ணியா, குழாய்த்தண்ணியா?’ன்னு ஒரு பிள்ளை கேட்டுட்டா அன்னைக்கு அது போதும்.

குளத்துக்குத் தனியா மட்டும் அனுப்பாதீங்க, பெரியவங்க கூடப் போகணும்.

நொய்யலையும் விட்டுடாதீங்க. குளத்துப் பாடம் ஒரு மாசம் போனதும், ரெண்டாவது மாசம் அதை எடுங்க; சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவுல இருந்து ஆரம்பிங்க. அப்பவும் பசங்க கொதிச்சா, அன்னைக்கு நிறுத்திடுங்க.