பஞ்சாங்கச் சந்தேகங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: அப்பாவின் திவசத் திதி தசமி. பஞ்சாங்கத்தில் அன்று "தசமி 11-20" என்று இருக்கிறது. காலை 11.20 வரையா?

ப: இல்லை அம்மா. அது நாழிகை, விநாடி. பத்தியின் தலையில் நா.வி. என்று போட்டிருக்கும், பாருங்கள். சூரிய உதயத்திலிருந்து 11 நாழிகை 20 விநாடி வரை தசமி. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம்; அதில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 24 நொடி, ஒரு விநாடி. கணக்குப் போட்டால் 4 மணி 32 நிமிடம் வரும். உதயம் 6.08 என்றால் காலை 10.40க்குத் தசமி முடிந்து ஏகாதசி வந்துவிடும்.

திவசத்துக்குப் பிற்பகலில் இருக்கும் திதிதான் கணக்கு. பகலை ஐந்தாகப் பிரித்தால் வரும் நான்காம் பங்கு அது; சுமாராக 1.15 முதல் 3.35 வரை. ஆகவே அதற்கு முந்தின நாள் பிற்பகலைப் பாருங்கள். அப்போது தசமி இருந்தால் திவசம் அன்றுதான். தினசரி காலண்டரில் பெரிய எழுத்தில் இருக்கும் திதியை மட்டும் பார்த்துவிட்டுப் பல வீடுகளில் ஒரு நாள் தள்ளிச் செய்துவிடுகிறார்கள். சிரத்தையோடு செய்கிறவர்களுக்கே இப்படி ஆகும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. "வரை" என்ற நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் புரோகிதரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: செவ்வாய் விடிகாலை 3 மணிக்குப் பேரன் பிறந்தான். கிழமை எது?

ப: திங்கள். பஞ்சாங்கத்தில் நாள் உதயத்தில்தான் மாறும்.

கே: சனிப்பெயர்ச்சி ஒரே வருஷத்தில் இரண்டு தடவை வந்ததே, எப்படி?

ப: 2023ஐச் சொல்கிறீர்கள். பஞ்சாங்கத்தில் இரண்டு வகை. திருக்கணிதப்படி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாறு கோயிலில் வாக்கியம்தான். வாக்கியம் என்பது பழைய சூத்திரங்களை வைத்துப் போடும் கணக்கு. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கோடு ஒத்துப்போவது. வானத்தில் கிரகம் நிற்கும் இடம் வேண்டுமென்றால் திருக்கணிதம்தான் சரி என்பேன். ஆனால் கோயில் விசேஷத்துக்கு அந்தக் கோயில் வழக்கப்படிதான் போக வேண்டும். ஜாதகத்தை ஒன்றில் கணித்துவிட்டுப் பெயர்ச்சியை இன்னொன்றில் பார்க்காதீர்கள்.

கே: லண்டனில் இருக்கிறோம். திங்கள் ராகு காலம் இங்கேயும் 7.30 முதல் 9 வரைதானா?

ப: அது 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துச் சொல்வது. முறை என்னவென்றால், உங்கள் ஊர்ப் பகல் பொழுதை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்களுக்கு இரண்டாம் பங்கு. ஜூன் கடைசியில் லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் போகும், ராகு காலமே இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். டிசம்பர் கடைசியில் ஒரு மணி நேரம்கூட வராது.

கே: 2023ல் நமக்குச் சித்திரை 1 ஏப்ரல் 14, கேரளத்தில் விஷு 15. ஏன்?

ப: ஏப்ரல் 14 அன்று சூரியன் மேஷத்துக்கு வந்தது பிற்பகல் 3 மணிக்கு மேல். அஸ்தமனத்துக்குள் வந்தால் நமக்கு அன்றே மாதப்பிறப்பு. கேரளத்தில் 18 நாழிகைக்குள், அதாவது பிற்பகல் சுமார் ஒன்றரைக்குள் வர வேண்டும், தாண்டினால் மறுநாள்.