சிசிலி வண்டில் படம் போட்ட உடுப்பெல்லாம் டோல்சே கபானா எண்ட இத்தாலி ஃபேஷன் பிராண்ட் கண்டுபிடிச்ச டிசைனா?

இல்லை. நீங்கள் ஃபேஷன் படிக்கிற பிள்ளையாக்கும், வகுப்பில அப்பிடிச் சொல்லியிருப்பினம், உங்களில பிழையில்லை. ஆனா நான் 19 வருசமா சிசிலியில பலெர்மோவில தைக்கிறன், சாந்தா ரொசாலியா எண்ட புனிதையின்ர கோயில் மலைக்கு ஏறுற எங்கட தமிழ்ச் சனத்துக்கு என்ர கடை தெரியும், இந்தக் கேள்வியைப் பாத்திட்டு சும்மா போக மனம் வரேல்லை.

2013 வசந்த-கோடை கலெக்‌ஷனிலதான் டோல்சே கபானாக்காரர் வண்டில் படங்களையும் பாவைக்கூத்துப் பொம்மையளையும் பெரிசா உடுப்பில இறக்கினவை. 2016இல ஸ்மெக் கொம்பனியின்ர ஃபிரிட்ஜிலயும் சிசிலி ஓவியர்களைக் கொண்டு வரைவிச்சவை. ஆனா சிசிலியில குதிரை வண்டிலுக்குப் படம் கீறிப் பெயின்ட் அடிக்கிற வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலயே இருந்தது. தச்சன், கொல்லன், பெயின்டர் எண்டு ஒரு வண்டிலில எத்தினை பேர்ட கை!

எனக்கு இது விளங்கினதே ஒரு பாவாடையாலதான். ஒரு மனுசி அப்பிடிப் படம் போட்ட பாவாடையை ஆறு சென்டிமீட்டர் கட்டையாக்கச் சொல்லிக் கொண்டந்தவ. கீழ வெட்டினால் கரை போயிடும், சேலைக் கரையை ஆராவது வெட்டுவினமா? இடுப்புப் பட்டியைப் பிரிச்சு, சிப்பைக் கழட்டி, மேலால குறைச்சு, பக்கத் தையலில சில்லுப் படத்தின்ர ரெண்டு பாதியும் பொருந்தப் பிடிச்சு, அந்த மத்தியானம் முழுக்க அதுக்கே போட்டுது.

பிறகு பலெர்மோவுக்குக் கிட்ட இருக்கிற தெராசினி ஊர் மியூசியத்துக்கு உண்மையான வண்டிலைப் பாக்கவெண்டே போனன். பக்கப்பலகை ஒவ்வொண்டிலயும் ரெண்டு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் ஒரு காட்சி, பழங்கதை வீரன் ஒர்லாண்டோ வாளோட நிக்கிறார், சுத்திவரக் கரை, சில்லின்ர ஆரக்கால் வரைக்கும் வெறும் இடமே இல்லை. பாவாடையில நான் வெட்டப் பயந்த கரை அந்தப் பலகையில அப்பிடியே இருக்கு! பலெர்மோப் பக்கத்து வண்டில் மஞ்சள், கத்தானியா வண்டில் சிவப்பு. குதிரைக்கு இறகும் குஞ்சமும் கண்ணாடித் துண்டும் கட்டுவினம், இப்ப ஹேண்ட்பேக்கில குஞ்சம் தொங்கிறதைக் கண்டால் எனக்கு அந்தக் குதிரைதான் ஞாபகம்.

உடனே பிராண்டுக்கு எதிரா எழுதுறா எண்டு கொமென்ட் போட வராதேங்கோ. பிராண்டைத் தொடங்கின ரெண்டு பேரில ஒருத்தரான தொமெனிக்கோ டோல்சே இஞ்ச கிட்டடியில பொலிட்சி ஜெனரோசா எண்ட ஊரில பிறந்தவர், அது அவற்ற சொந்த மண்ணின்ர சாமான், அவர் எடுக்கிறதில எனக்கு ஒரு குறையும் இல்லை, உலகத்துக்குக் காட்டினதும் நல்லதுதான். ஆனா கண்டுபிடிச்சவை எண்டு சொல்லேக்க, வெயிலுக்கும் மழைக்கும் தாங்கிற மாதிரி அந்தப் பலகையில வரைஞ்ச மனுசர் எங்க போச்சினம்? அதுதான் கோவம்.

கைவேலை செய்யிற ஆக்களை மதிக்காதது என்ர கடையிலயும் அப்பிடித்தான். பாவாடை கொண்டந்த அந்த மனுசியிட்ட 15 யூரோ கேட்டன், "ஊசியும் நூலும்தானே" எண்டு 8 யூரோவை மேசையில வைச்சிட்டுப் போனவ. பாவாடை எத்தினை நூறு எண்டு எனக்குத் தெரியும். எங்கட ஆக்களும் அப்பிடித்தான், கலியாணத்துக்கு முதல்நாள் பிளவுஸைக் கொண்டந்து இரவுக்குள்ள வேணும் எண்டு நிப்பினம், காசு எண்டால் "பிறகு தாறன் அக்கா". போன வைகாசியில தைச்ச மூண்டு பிளவுஸுக்கு இன்னும் காசு வரேல்லை.