கோரூட்டீன் ஆவணங்களில் கோட் உதாரணங்களை எப்படித் திருத்துவது?

எல்எல்விஎம் (கம்பைலர் கட்டும் கருவித் தொகுப்பு) கோரூட்டீன்களுக்கு, அதாவது நடுவில் நின்று பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் ஃபங்ஷன்களுக்கு, உதாரணம் எழுதுகிறீர்கள், படிப்பவர்களுக்குப் புரியவில்லை, எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கோரூட்டீனை நிறுத்தி வைக்கும் கோரோ.சஸ்பெண்ட் கட்டளை திருப்பித் தரும் எண். 0 என்றால் மறுபடி ஓடுகிறது, 1 என்றால் அழிக்கப்படுகிறது, -1 என்றால் நின்று, அழைத்தவரிடம் திரும்புகிறது. இந்த மூன்றையும், அந்த எண்ணைப் பார்த்துக் கிளை பிரியும் ஸ்விட்ச் வரிக்குப் பக்கத்திலேயே கமெண்டாக எழுதுங்கள். விளக்கத்தைக் கீழே ஒரு பத்தியில் வைத்தால் கண் அங்கே போவதில்லை.

அப்புறம், கோரோஸ்ப்ளிட் என்ற கம்பைலர் கட்டம் கோரூட்டீன் ஃபங்ஷனைத் தொடக்கம், தொடர்ச்சி, அழிப்பு எனப் பிரிக்கிறது அல்லவா? பிரிப்பதற்கு முந்தைய வடிவத்தையும் பிந்தையதையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். நிறுத்தத்தைத் தாண்டியும் தேவைப்படும் மதிப்புகள் ஃபிரேமுக்குள் (கோரூட்டீனின் நிலையைச் சேமித்து வைக்கும் நினைவிடம்) போய் உட்காருவது அப்போதுதான் கண்ணில் படும். என்னைக் கேட்டால், மொத்த ஆவணத்திலும் முக்கியமான இடம் இதுதான்.

எண்களை அச்சிடும் சின்ன லூப் போதும், ஆனால் கோட் முழுசாக இருக்கட்டும். நடுவில் புள்ளி வைத்து வெட்டினால் ஓட்டிப் பார்க்க முடியாது. மெயினில் ரெஸ்யூம் இரண்டு முறை, கடைசியில் டெஸ்ட்ராய். ஒவ்வொரு உதாரணத்தையும், வெளியீட்டை எதிர்பார்த்ததோடு ஒப்பிடும் ஃபைல்செக் சோதனையாகவும் சேர்த்துவிடுங்கள், சரியா?