மார்கழியில் மாம்பழ வாசனை

கேள்வி: சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு 16 வயது. ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியில் தங்கி பிளஸ் 1 படிக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிகரெட்டை விடுவதற்காக நான் இ-சிகரெட்டுக்கு மாறினேன். துபாயில் வேலை செய்யும் என் சகலை ஊருக்கு வரும்போதெல்லாம் நாலைந்து கொண்டுவந்து தருவார். பீரோவில் இருந்த இரண்டை மகன் எடுத்துப் போயிருக்கிறான். பார்க்க ஹைலைட்டர் பேனா போல இருந்ததால், அவன் அம்மாவே பென்சில் பையில் வைத்து அனுப்பியிருக்கிறார். அது தீர்ந்ததும் நண்பர்கள் மூவர் காசு போட்டு, செல்போன் செயலி வழியாக யாரோ ஒருவரிடம் இன்னும் மூன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டார்கள். மார்கழி மாதத்தில் அறைக்குள் மாம்பழ வாசனை வருகிறதே என்று வார்டன் பெட்டியைத் திறந்திருக்கிறார். கருவியை அவன் கையில் கொடுத்துப் படமெடுத்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். "என் மகன் விடுதியில் விற்றான்" என்று நான் எழுதிக் கொடுத்து டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டுமாம், இல்லையென்றால் போலீசாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மகன் மீது வழக்கு வருமா? நான் பயன்படுத்துவது நிக்கோட்டின் இல்லாத, வெறும் ஃபிளேவர் ரகம். அதற்குமா தடை?

ஒரு வாசகர், சேலம்

பதில்: கடிதம் முழுக்க மகனுக்காகப் பயந்திருக்கிறீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் பயந்திருக்கலாம். பையனுக்குச் சட்டம் பாய் விரித்து வைத்திருக்கிறது. உங்களுக்கும் உங்கள் சகலைக்கும் அப்படி எதுவும் இல்லை.

முதலில் பையன். இ-சிகரெட்டுக்கு இந்தியாவில் தனிச் சட்டமே இருக்கிறது. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தின் சட்டமானது. தமிழ்நாடு அரசு அதற்கு முன்பே, 2018-ல் தடை போட்டுவிட்டது. சாதாரண சிகரெட்டைப் போல "18 வயதுக்கு மேல் வாங்கலாம்" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. எந்த வயதினருக்கும் விற்கக்கூடாது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, ஏற்றுமதி செய்வது, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் 4-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். "புகைப்பது" அதில் இல்லை. சுகாதார அமைச்சகம் கையில் வைத்திருப்பதே சட்டமீறல் என்று கருத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் தண்டனைப் பிரிவுகளில், தனக்கென்று ஒன்றை வைத்து இழுப்பவருக்கு என்று தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே உங்கள் மகன் இழுத்ததைவிட, நண்பனுக்கு நீட்டியதுதான் சட்டத்தின் பார்வையில் பெரிய விஷயம். காசு வாங்காமல் கொடுத்தாலும் அதை விநியோகம் என்று வாதிட முடியும்.

சரி, வழக்கு வந்தாலும் என்ன ஆகும்? 18 வயது நிரம்பாதவர் என்பதால் அது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்துக்குள் போகும். மூன்றாண்டு வரை மட்டுமே சிறைத் தண்டனை உள்ள குற்றம் அந்தச் சட்டத்தில் சிறு குற்றம். சிறு குற்றத்துக்குச் சிறுவன் மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக்கூடாது. காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பச் சூழல் அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். லாக்கப்பில் வைக்கக்கூடாது, விலங்கு மாட்டக்கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக்கூடாது. பிடித்து வைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அப்படியும் முடியாவிட்டால் சிறு குற்ற நடவடிக்கை அத்தோடு தீர்ந்தது. பெரும்பாலும் அறிவுரையோடும் மனநல ஆலோசனையோடும் முடிகிற சங்கதி. குற்றம் நிரூபணமானாலும் அதனால் படிப்புக்கோ வேலைக்கோ தகுதியிழப்பு வராது என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் முதல் தகவல் அறிக்கை கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்த குற்றம் என்று சொல்லப்பட்டால் பதிவு செய்யலாம். அந்தப் பெரியவர் யாராக இருக்க முடியும் என்று உங்கள் பீரோவைக் கேட்டுப் பாருங்கள்.

இதனால்தான் பள்ளி நீட்டும் தாளைப் பற்றி எனக்கு இவ்வளவு கவலை. கையெழுத்து மகனுடையது அல்ல, உங்களுடையது. போலீசாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காது. வார்டனிடமோ தாளாளரிடமோ எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது; "மிரட்டி வாங்கினார்கள்" என்று நீங்கள்தான் பிறகு போராடி நிரூபிக்க வேண்டியிருக்கும். "விற்றான்" என்று எழுதினால், "சரக்கு எங்கிருந்து வந்தது?" என்பது அடுத்த கேள்வி. ஆகவே எழுதாதீர்கள். அதற்காகச் சண்டைக்கும் போகாதீர்கள். விடுதியில் நூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவில் தூங்காமல் இருப்பவர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு. நான் எழுதுவதானால் இவ்வளவுதான் எழுதுவேன்: "என் மகனின் பெட்டியில் தடை செய்யப்பட்ட கருவி இருந்ததாகப் பள்ளி தெரிவித்தது. அவனுக்கு மருத்துவ ஆலோசனை பெற ஏற்பாடு செய்கிறேன். அவன் மீது நடவடிக்கை எடுப்பதானால் எழுத்து மூலம் காரணம் தெரிவித்து, எங்கள் விளக்கத்தையும் கேட்ட பின் எடுக்குமாறு வேண்டுகிறேன்." தேதி போட்டு ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையை வெளியேற்றவே முடியாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பிளஸ் 1-க்கு அந்தக் கவசம் இல்லை. இருந்தாலும் விளக்கம் கேட்காமல் ஒரே நாளில் டி.சி. கொடுப்பது முறையல்ல. அப்படி நடந்தால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள். மூவர் செய்ததற்கு ஒருவன் மட்டும் வெளியேற்றப்படுகிறானா என்பதையும் கேளுங்கள். வாட்ஸ்அப் படத்தை இன்றைக்கே நீக்கச் சொல்லி எழுதுங்கள். விசாரணை என்று ஒன்று தொடங்கிய பின் சிறுவனின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளிப்படுத்துவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ உண்டு. நீக்கும் முன் குழுவில் அது வந்த நேரத்தோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இனி உங்கள் பக்கம். "வெறும் ஃபிளேவர்" என்ற வாதம் எடுபடாது. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கான ஆவியை உண்டாக்கும் மின்கருவி எதுவும் இ-சிகரெட்தான். நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஃபிளேவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மின் ஹூக்காவும் இதற்குள் அடக்கம். தவிர, பெட்டியில் "0" என்று அச்சிட்டிருப்பதை நான் நம்ப மாட்டேன். விற்கவே கூடாத பொருளின் லேபிளை எந்த அதிகாரி சரிபார்த்திருப்பார்? மாம்பழம், தர்பூசணி, புதினா என்று எது எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் வாசனைச் சேர்மங்களும்தான். தொண்டையில் நிக்கோட்டினின் காரம் தெரியாமல் இனிப்பு மூடிவிடுகிறது. முதல் இழுப்பில் இருமிவிட்டுத் தூக்கி எறிந்திருக்க வேண்டிய பையன் இரண்டாம் இழுப்புக்குப் போகிறான். மல்கோவா விளைகிற ஊரில் பிறந்த பிள்ளைக்குப் போலி மாம்பழம் பிடித்துப்போனதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தமும் உண்டு.

சகலை வாங்கும் ஊரில் அது சட்டப்படி விற்பனையாகிறது. சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் அது இறக்குமதி. "நாலைந்துதானே, உறவினருக்குத்தானே" என்பதற்கெல்லாம் 4-ஆம் பிரிவில் விலக்கு இல்லை. இன்றே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். இருப்பு வைக்கத் தெரிந்தே இடம் கொடுப்பதற்கு 5-ஆம் பிரிவு; ஆறு மாதம் வரை சிறையோ ஐம்பதாயிரம் வரை அபராதமோ இரண்டுமோ. நீங்கள் பயன்படுத்தும் ஒன்றை "இருப்பு" என்று சொல்ல முடியாது என்று நான் வாதிடுவேன். பீரோவில் பிரிக்காத பெட்டி நான்கு இருந்தால் என் குரல் கொஞ்சம் தாழும். மீதியை நண்பருக்குக் கொடுப்பது, கூரியரில் திருப்பி அனுப்புவது இரண்டும் புதிய குற்றங்கள். எத்தனை இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் நேரில் சொல்லி, அவர் மூலம் ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் செயலி வழியாக விற்றவனை விட்டுவிடாதீர்கள். அவன் மீது 4-ஆம் பிரிவு நேரடியாகப் பாயும். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்ததாக இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவையும் சேர்க்க முயலலாம். ஏழாண்டு வரை கடுங்காவல் உள்ள பிரிவு அது. இந்தக் கருவி "புகையிலைப் பொருள்" ஆகுமா என்பதில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதாட இடமிருக்கிறது. அது அவர் கவலை. பணம் அனுப்பிய விவரத்தையும் உரையாடலையும் பையன் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். உங்கள் பீரோவும் அந்தக் கதையில் வருகிறது.

செலவுக்கு யோசிக்க வேண்டாம். குழந்தைக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். காலையில் எழுந்ததும் எரிச்சல், கை நடுக்கம் என்று பையனிடம் பார்த்தால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். உங்களுக்கு 1800 11 2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது. மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கமும் சட்டப்படியே கிடைக்கிறது. மகனுக்கு மட்டும் அதை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை மலையேறும்போது சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்கும் முன்பே அடிவாரத்தில் சோதனைச் சாவடி இருக்கிறது.