வெல்லத்தில் செய்தால் ஆச்சா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. நாலு வருஷமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்தத் தீபாவளிக்கு எல்லாப் பலகாரத்தையும் வெல்லத்திலேயே செய்துவிடலாம் என்றிருக்கிறேன். கடையில் ‘சுகர் ஃப்ரீ’ முந்திரி கத்லியும் சொல்லி வைத்தாயிற்று. காலை டிபனை விட்டுவிட்டு அதற்குப் பதில் ஸ்வீட் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார் அவர். செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டு ஏற்பாடு மூன்றுமே தப்பு. மூன்றாவது ஆபத்தும்கூட. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கணவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையாக இருந்தால், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், லேகியம், ஒரு துண்டு மைசூர்பாகு, மாத்திரை, டிபன் இல்லை. இனிப்பில் ஏறிய சர்க்கரை, பத்துப் பதினோரு மணி வாக்கில் மளமளவென்று இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். வெடிச் சத்தத்திலும் விருந்தாளிகள் வருகையிலும் வீட்டில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். இனிப்புதானே என்று அப்போது மைசூர்பாகைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள நெய், சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்தப் பயம் குறைவு. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று மாத்திரை அட்டையைப் பார்த்துக்கொண்டு, பண்டிகைக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். ஸ்வீட் சாப்பிடப் போகிறோமே என்று தானாக ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதுவும் கூடவே கூடாது.

அன்று காலை அவருக்கு டிபன் கட்டாயம். தீபாவளிக்குப் பல வீடுகளில் இட்லியும் கறிக்குழம்பும்தான். அது நல்ல ஏற்பாடு. சைவ வீடென்றால் பருப்பும் காயும் தூக்கலாகப் போட்ட சாம்பார். மூன்று இட்லியைக் கறியோடோ காயோடோ சாப்பிட்டு முடித்த பிறகு ஒரே ஒரு இனிப்பு. வெறும் வயிற்றில் அதே இனிப்பைச் சாப்பிட்டால் சர்க்கரை இதைவிட வேகமாக ஏறும். சாப்பிட்டதும் தெருவில் 15 நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். நாலு வீட்டுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை அவரிடமே விடலாம்.

அடுத்தது வெல்லம். 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380-ஐ ஒட்டி வரும். வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். கருப்பட்டியிலும் அப்படியே. நிறமும் மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு என்பதால் ரத்தத்தில் ஏறுவது குறைந்துவிடாது. ‘வெல்லம்தானே’ என்ற தைரியத்தில் ஓர் அதிரசத்துக்கு மூன்றாக உள்ளே போவதுதான் மிச்சம். லேகியத்திலும் சுக்கு, ஓமம், திப்பிலியோடு சேர்வது வெல்லமும் நெய்யும்தான். நெல்லிக்காய் அளவோடு நிறுத்துங்கள்.

எதில் செய்கிறோம் என்பதைவிட ஒரு துண்டில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். கடலை மாவு 100 கிராம், சர்க்கரை 250 கிராம், நெய் 200 கிராம் வைத்து மைசூர்பாகு கிளறி 16 துண்டு போட்டால், ஒரு துண்டில் 15 கிராமுக்கு மேல் சர்க்கரை, 12 கிராம் நெய், ஏறக்குறைய 200 கலோரி. சேர்க்கும் சர்க்கரை மொத்தத்தையும் நாளொன்றுக்கு 25 கிராம் அளவுக்குள் வைப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. இரண்டு துண்டில் அது தாண்டிவிடும்.

மைசூர்பாகில் சர்க்கரையைக் குறைத்துச் செய்து பார்க்காதீர்கள். கம்பிப் பாகு இறுகுவதால்தான் அது துண்டாக நிற்கிறது. குறைத்தால் அல்வா மாதிரிக் குழையும், இல்லை உதிரும். அதிரசமும் அப்படித்தான்: பாகு குறைந்தால் மாவு சேராமல் எண்ணெயில் பிரிந்துபோகும், அல்லது கல்லாகிவிடும். பாகு வைக்காத பலகாரத்தில்தான் தாராளமாகக் கை வைக்கலாம். மாலாடு செய்யுங்கள். லேசாக வறுத்த பொட்டுக்கடலை 250 கிராமைச் சன்னமாக அரைத்துச் சலித்து, பொடித்த சர்க்கரை 125 கிராம் (வழக்கமாகப் போடுவதில் பாதி), ஏலக்காய், சிட்டிகை உப்பு சேருங்கள். 125 கிராம் நெய்யை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சூட்டோடு பிடியுங்கள். ஆறிய நெய்யென்றால் உருண்டை உடையும். நாமும் இன்னும் நெய், இன்னும் நெய் என்று ஊற்றிக்கொண்டே போவோம். 25 உருண்டை பிடித்தால் ஒன்றில் 5 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. பெரிய எலுமிச்சை அளவுக்குப் பிடித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு.

கடைக்காரர் கொடுக்கும் ‘சுகர் ஃப்ரீ’ கத்லியில் முந்திரி அப்படியேதான் இருக்கிறது. 100 கிராம் முந்திரி மட்டுமே 550 கலோரிக்கு மேல். சர்க்கரைக்குப் பதில் பேரீச்சை சேர்த்திருந்தால், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டியான மால்டிடால் என்று அட்டையில் போட்டிருந்தால், சர்க்கரையைவிடக் குறைவாக என்றாலும் அதுவும் ரத்தத்தில் ஏறும். நாலைந்து துண்டுக்கு மேல் போனால் வயிறு உப்பிப் பேதியாகும். சொல்லி வைத்ததை நிறுத்திவிடுங்கள்.

காரத்தையும் விட்டுவிடக் கூடாது. இனிப்பைத் தொடவில்லை என்ற நிம்மதியில் மாலைக் காபியோடு கிண்ணம் கிண்ணமாக மிக்சர் போகும். முறுக்கோ மிக்சரோ 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி. எண்ணெய் காயாமல் பிழிந்தால் முறுக்கு எண்ணெயைக் குடிக்கும். ஒரே ஈட்டில் ஆறேழு பிழிந்தாலும் சூடு இறங்கி அதுவேதான் நடக்கும். ஒரு துளி மாவைப் போட்டால் உடனே மேலே வர வேண்டும். அடியில் தங்கினால் காத்திருங்கள். சலசலப்பு அடங்கியதும் எடுத்து, வடிதட்டில் நிற்க வையுங்கள். மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி இரண்டு மூன்று நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம்.

பலகாரத்தின் மொத்த அளவை இப்போதே முடிவு செய்யுங்கள். தீபாவளி ஒரு நாள். டப்பாக்கள் பத்து நாள் வீட்டில் இருக்கும். போகவர ஒரு வாய் என்று உள்ளே போவதெல்லாம் அந்தப் பத்து நாளில்தான். இரண்டு இனிப்பு, ஒரு காரம், ஒவ்வொன்றும் அரைக் கிலோ போதும். அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக மிஞ்சுவதில் அவர் பங்கை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் தனியாகப் போட்டுவிடுங்கள். தட்டில் வந்து சேரும் பால்கோவா, பேடா வகையை ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீராது என்று தோன்றினால் அன்றே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். காலை டிபனுக்கு முன் ஒரு தடவையும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். இரண்டாவது அளவு 180-ஐத் தாண்டியிருந்தால் அன்று மாலை வரும் இனிப்பு அவருக்கு வேண்டாம்.