கேமரா பாடியின் விலையை ரோல் கணக்கில் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: என் பெரியப்பா பயன்படுத்திய, நிக்கான் நிறுவனத்தின் நிக்கோர்மேட் எஃப்டிஎன் ஃபிலிம் கேமராவும் மூன்று லென்ஸ்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. 50 மி.மீ. எஃப் 1.4, 105 மி.மீ. எஃப் 2.5 இரண்டும் 1977-க்கு முந்தையவை. மூன்றாவது 28 மி.மீ. எஃப் 3.5, நிக்கானின் ஏஐ என்ற பிந்தைய வகை. மாதம் 2 ரோல் எடுக்கிறேன், பொழுதுபோக்குக்கு ஒதுக்குவது அவ்வளவுதான். சில மாதங்களாக வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் துள்ளுகிறது, படங்கள் இருட்டாக விழுகின்றன. நண்பர் ஒருவர் தன் நிக்கான் எஃப்100 பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) தருவதாகச் சொல்கிறார். 25 ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்ய எனக்கு ஆகும் தொகைதான் அதன் விலை. சிறிய தனிநபர் கடன் எடுத்து 12 மாதத்தில் அடைக்கலாம் என்று நினைக்கிறேன். நிக்கோர்மேட்டைச் சரிசெய்ய மெக்கானிக் 6 ரோலுக்கான தொகை கேட்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய கேமராவில் பணம் போடுவது வீண்தானே? அவசரத் தேவைக்கு இரண்டு மாதச் செலவுப் பணம் சேமிப்பில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: விலையை ரோல் கணக்கில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் பயன்படுத்தும் அளவுகோலும் அதுதான், ஆகவே அதிலேயே பேசுவோம்.

25 ரோல் விலையை 12 மாதத் தவணையாகப் பிரித்தால் மாதத்துக்கு 2 ரோலுக்குச் சற்று மேல் வருகிறது. இன்னும் வட்டி சேர்க்கவில்லை. உங்கள் மாத ஒதுக்கீடே 2 ரோல்தான். அதாவது கடன் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்கு, தவணை கட்டியபின் ஃபிலிம் வாங்கக் காசு மிஞ்சாது. கையில் எஃப்100 இருக்கும், உள்ளே ரோல் இருக்காது. வேறு செலவைக் குறைத்துச் சமாளிப்பேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த வேறு செலவு எது என்பதைக் கடன் வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிட முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அது அவசர நிதியிலிருந்துதான் கசியும். அதில் இருப்பதே இரண்டு மாதச் செலவுக்கு.

இது பணக் கணக்கு மட்டும். இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் லென்ஸ் பட்டியலில் இருக்கிறது. கேள்வியில் நீங்கள் அதைத் தொடவே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லென்ஸை பாடியில் பொருத்தும் வளையமான எஃப் மவுன்ட்டை நிக்கான் 1959-ல் கொண்டுவந்தது. இன்றுவரை அந்த வளையத்தின் வடிவம் மாறவில்லை. அதனால் எந்த லென்ஸும் எந்த பாடியிலும் உட்காரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 1977-ல் ஏஐ என்ற முறை வந்தது. லென்ஸின் அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) எந்த நிலையில் இருக்கிறது என்பதை பாடிக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடு அது. அதற்கு முந்தைய லென்ஸ்களில் வளையத்தின் மேலுள்ள முயல்காது போன்ற கவ்விதான் அந்த வேலையைச் செய்தது. ஏஐ பாடிகளில் மவுன்ட்டை ஒட்டி ஒரு சிறு நெம்பு இருக்கும். பழைய லென்ஸின் அபெர்ச்சர் வளையம் அந்த நெம்பின்மேல் போய் இடிக்கும். நிக்கான் எஃப்எம், எஃப்இ, எஃப்3, எஃப்4 போன்ற பாடிகளில் அதை மடக்கி ஒதுக்கிவைக்கலாம். எஃப்எம்2-விலும் எஃப்100-லும் மடக்க வழியில்லை.

ஆகவே எஃப்100 வாங்கினால் உங்கள் மூன்று லென்ஸில் 28 மட்டும் அப்படியே பொருந்தும். நீங்கள் அதிகம் பயன்படுத்துவது 50-ஆகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதையும் 105-ஐயும் மாட்ட வேண்டுமானால் அவற்றின் வளையத்தைச் செதுக்கி ஏஐ ஆக்க வேண்டும். ஒரு காலத்தில் நிக்கானே மாற்று வளையம் தந்துகொண்டிருந்தது. இப்போது அது தனியார் மெக்கானிக்கின் கைவேலை. செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது, அந்த வேலைக்கும் காசு ஆகும். மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு லென்ஸுக்கு 4 ரோல் என்று அவர் சொன்னால், இரண்டுக்கும் 8. உங்கள் 25 அப்போது 33 ஆகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு என்ன கிடைக்கும்? எஃப்100 மிக நல்ல கேமரா, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் விலையில் பெரும்பங்கு ஆட்டோஃபோகஸுக்கானது. உங்கள் மூன்று லென்ஸும் கையால் ஃபோகஸ் செய்பவை. ஃபோகஸ் சரியாக விழுந்ததும் வியூஃபைண்டரில் எரியும் சிறு புள்ளி மட்டும் உங்களுக்கு உதவும். காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் அதன் பெயர்பெற்ற மேட்ரிக்ஸ் மீட்டரும் இத்தகைய லென்ஸ்களோடு வேலை செய்யாது. நடுப்பகுதிக்கு முக்கியத்துவம் தரும் அளவும், ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் அளவும்தான் கிடைக்கும். நிக்கோர்மேட்டில் கண்ணியமாக இயங்கும் அந்த லென்ஸ்கள், 25 ரோல் விலையுள்ள கேமராவில் பாதி வசதியோடு இருக்கும்.

இன்னொன்று ஷட்டர் வேகம். நிக்கோர்மேட்டின் உச்ச வேகம் 1/1000 நொடி, எஃப்100-ல் 1/8000. பட்டப்பகலில் 50-ஐ அகலத் திறந்து எடுக்க இது உதவும் என்று உங்கள் நண்பர் சொல்லியிருக்கக்கூடும், அது உண்மைதான். ஆனால் இரண்டு வேகத்துக்கும் இடையே உள்ளது சரியாக 3 ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை மூன்று முறை பாதியாக்கும் அளவு. லென்ஸின் முன் மாட்டும் சாம்பல் நிறக் கண்ணாடியான ஓர் என்டி8 ஃபில்டரும் 3 ஸ்டாப் வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. உங்கள் மூன்று லென்ஸுக்கும் முன்வளையம் ஒரே அளவு, 52 மி.மீ. ஒரு ஃபில்டர் மூன்றுக்கும் பொருந்தும். ஒரு தேவை என்று தோன்றும்போது, அதை அடைய மலிவான வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள் என்பேன். இங்கே அந்த வழி கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடித் துண்டு.

இப்போது உண்மையான நோய்க்கு வருவோம்: முள் துள்ளுகிறது, படம் இருட்டாகிறது.

எஃப்டிஎன் 1967-ல் வந்த கேமரா. அதன் மீட்டர் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. சுற்றுச்சூழல் காரணங்களால் 1990-களில் பல நாடுகளில் அந்த பேட்டரிகள் தடை செய்யப்பட்டன. இன்று அதே வடிவத்தில் கிடைப்பவை பெரும்பாலும் 1.5 வோல்ட் ஆல்கலைன். மின்னழுத்தம் கூடினால் மீட்டர் வெளிச்சத்தை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். நீங்கள் அதை நம்பி வெளிச்சத்தைக் குறைப்பீர்கள், நெகட்டிவ் மெலிந்து படம் இருட்டாகும். போதாததற்கு ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் நாளாக ஆக இறங்கிக்கொண்டே போகும், பிழையும் ஒரே அளவில் நிற்காது. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட் அளவில் நிலையாக நிற்கும். ஒரு சிறு வளையம் வைத்து அதை உட்காரவைக்கலாம். ஒட்டுத்தாளை உரித்தபின் சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பது அதன் குறை. ஆனால் உங்கள் பிரச்சினை இதுதானா என்று அறிய அந்தச் சில வாரங்கள் போதும்.

பேட்டரி மாற்றியும் முள் துள்ளினால், மீட்டருக்குள் இருக்கும் மின்தடைப் பட்டை தேய்ந்திருக்கலாம். இந்த வயது நிக்கோர்மேட்களில் அடிக்கடி காண்பதுதான். அப்படியே இருந்தாலும் ஷட்டர், ஃபிலிம் ஓட்டம், வியூஃபைண்டர் எதையும் அது தொடாது. எஃப்டிஎன்னின் ஷட்டர் முழுக்க இயந்திரம். பேட்டரியே இல்லாமலும் எல்லா வேகங்களிலும் ஓடும். மீட்டரை மட்டும் வெளியே தேடிக்கொண்டால் போதும்: கையடக்க லைட் மீட்டர், அல்லது போனிலிருக்கும் ஒரு செயலி.

எனவே முதல் செலவு ஒரே ஒரு ரோல். 675 பேட்டரி போட்டு, போன் மீட்டரோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் இரண்டிரண்டு படம் எடுத்து, எந்த ஃபிரேம் எந்த வேகம் என்று குறித்துவையுங்கள். கழுவி வந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லா ஃபிரேமும் சரியாக இருந்தால், இத்தனை நாள் ஏமாற்றியது மீட்டர் மட்டும்தான். வேகமான ஷட்டர்களில் மட்டும் படம் மெலிந்தோ, ஒரு விளிம்பில் பட்டையாக மங்கியோ இருந்தால் ஷட்டருக்குச் சர்வீஸ் வேண்டும். கோடாக வெளிச்சம் புகுந்திருந்தால் பின்கதவின் லைட் சீல் நுரை பொடிந்திருக்கிறது, அது சிறு செலவு. படம் முழுக்கப் புகைபோல மங்கி, கூர்மை இல்லாமல் இருந்தால் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சையோ படலமோ இருந்தால் உலகின் எந்த பாடி வாங்கினாலும் அது கூடவே வரும். அந்த நிலையில் காசு போக வேண்டிய இடம் லென்ஸ் சுத்தம்.

பிறகு மெக்கானிக்கிடம் அந்த 6 ரோல் தொகையைப் பிரித்துக் கேளுங்கள். ஷட்டர் எவ்வளவு, சீல் எவ்வளவு, மீட்டர் எவ்வளவு? மீட்டர் வேலை விலை கூடியதாக இருந்தால் அதை மட்டும் விட்டுவிடலாம்.

"ஐம்பது வயது கேமராவில் பணம் போடுவது வீண்தானே" என்று கேட்டிருந்தீர்கள். சர்வீஸ் செய்த நிக்கோர்மேட்டை நாளைக்கே விற்றால், போட்ட காசு முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஆனால் நீங்கள் விற்கப்போவதில்லையே. ஐந்து ஆண்டு, மாதம் 2 ரோல் என்றால் 120 ரோல். 6 ரோல் செலவை அதில் பரப்பினால் ஒவ்வொரு ரோலின் மீதும் 5 சதவீதம் ஏறுகிறது. எஃப்100 வழியில் 33 ரோல் செலவு, அதாவது 27 சதவீதத்துக்கு மேல். ஐந்து ஆண்டு கழித்து எஃப்100 பாதி விலைக்குப் போகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 17 சதவீதம் நிற்கிறது. இதில் வட்டி சேரவில்லை.

அந்தப் பாதி விலையையும் என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. 2006 ஜனவரியில் நிக்கான் தன் ஃபிலிம் கேமராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. கடைசியாக மிஞ்சிய எஃப்6-ம் 2020-ல் நின்றது. எஃப்100 போன்ற எலெக்ட்ரானிக் பாடியில் சர்க்யூட் போனால், இன்னொரு இறந்த கேமராவிலிருந்துதான் பாகம் எடுக்க வேண்டும். பல எஃப்100-களில் மேலே பூசிய ரப்பர் பிசுபிசுப்பாகிவிடுவதும் தெரிந்த குறை. இயந்திர கேமராவுக்கு வயதானால் எண்ணெயும் பொறுமையும் போதும். எலெக்ட்ரானிக் கேமராவின் மதிப்பு ஒரு நாள் காலையில் சட்டென்று பூஜ்யமாகிவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் எலெக்ட்ரானிக் பாடியைத் தவணையில் வாங்கினேன். எட்டாம் மாதம் அது ஒரு ரோலின் நடுவில் நின்றுவிட்டது. பாகம் கிடைக்காது என்று மூன்று மெக்கானிக்குகள் கைவிரித்தார்கள். மீதி நான்கு தவணைகளையும், அலமாரியில் கிடந்த அந்தக் கேமராவைப் பார்த்தபடியே கட்டினேன். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு முக்கியமான நிகழ்வுக்கு என்னிடம் ஒரு ஃபிரேம்கூட இல்லை. இப்போதும் அது வலிக்கிறது.

பாடி மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓடும் குழந்தையைப் படம்பிடிப்பதற்குள் மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்த நேரமில்லை என்றால் அது நியாயமான காரணம். அப்படியானால் தேட வேண்டியது 1978-ல் வந்த எஃப்இ. அபெர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டர் வேகத்தை அது தேர்ந்தெடுக்கும், நெம்பு மடங்கும், மூன்று லென்ஸும் செதுக்காமலே ஏறும். 50-லும் 105-லும் மட்டும் அபெர்ச்சரை மூடிய நிலையில் மீட்டர் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் சிறு தொந்தரவு உங்களுக்கு ஒத்துவருமா என்பதை, யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு ரோல் எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோதனை ரோலுக்குப் பிறகும் பழுதுபார்ப்பு தேவை என்றானால், ஆறு மாதம் மாதத்துக்கு ஒரு ரோல் மட்டும் எடுங்கள். மிச்சமாகும் 6 ரோல் காசில் அந்த வேலை முடிந்துவிடும், கடன் வேண்டாம். எஃப்இ ஆசை இருந்தால் அதற்கு முன்னால் அவசர நிதியை இரண்டு மாதத்திலிருந்து மூன்றுக்கு உயர்த்துங்கள். ஆறு என்றால் எனக்கு இன்னும் நிம்மதி, ஆனால் மூன்றுக்குக் கீழே எந்த பாடிக்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.

நண்பரிடம் ஞாயிறன்று இந்தக் காரணங்களை அப்படியே சொல்லுங்கள். ஏஐ லென்ஸ்களோ ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களோ வைத்திருக்கும் ஒருவரிடம் அந்த எஃப்100 போய்ச் சேர்ந்தால் அதற்கும் நல்லது. பேச்சுவாக்கில் அவர் கேமராவைக் கையில் கொடுத்து "மாட்டித்தான் பாருங்களேன்" என்றால், 28-ஐ மட்டும் மாட்டுங்கள். 50-ஐயும் 105-ஐயும் அன்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அழுத்தித் திருகினால் அவருடைய நெம்பு உடைந்துவிடும்.