பல உலகத்தார், ஒரே கப்பல்: விண்வெளி நாவல் எழுதுவோருக்குக் கேள்வி பதில்

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் அறிபுனை எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வெவ்வேறு கிரகத்தார் சேர்ந்து பயணம் போகும் கப்பலைப் பற்றி மட்டும்தான் இங்கே பதில். வந்த வரிசையிலேயே போட்டிருக்கிறேன்.

குன்னூர்: அக்கா, என் கப்பலில் ஏழு இனத்தார் இருக்கிறார்கள். தோல் நிறம், கொம்பு, கண் எத்தனை எல்லாம் எழுதிவிட்டேன். ஆனாலும் எல்லோரும் ஒரே மாதிரி தெரிகிறார்கள். ஏன்?

பதில்: நிறமும் கொம்பும் கடைசியில் எழுத வேண்டியவை. முதலில் ஒவ்வொரு இனத்துக்கும் நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வாயு, எத்தனை கிலோபாஸ்கல் அழுத்தம், எத்தனை டிகிரி வெப்பம், எவ்வளவு ஈர்ப்பு. இந்த நான்கும் எழுதாமல் கண்ணுக்கு நிறம் தீட்டாதீர்கள். இவைதான் யார் எந்த அறைக்குள் போகலாம், யாருக்கு உடை வேண்டும், யாரால் யாருக்கு உதவ முடியாது என்பதை முடிவு செய்கின்றன. கதை அங்கேதான் பிறக்கிறது.

ஏழு இனம் அதிகம். மூன்று இனம் என்றால் மூன்று ஜோடி உறவை எழுதினால் போதும். ஏழு என்றால் இருபத்தோரு ஜோடி. ஒரு நாவலில் அத்தனைக்கும் இடம் கிடையாது. மூன்றோடு நிறுத்துங்கள்.

ஊட்டி: இரண்டு இனமும் ஆக்சிஜன்தான் சுவாசிக்கிறது. ஒன்று மட்டும் உயரமான மலைக் கிரகம். ஒரே கேபினில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் கணக்குப் போட்டு. உடம்புக்குத் தேவை ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது அல்ல, அதன் அழுத்தம். கடல்மட்டத்தில் மொத்த அழுத்தம் 101 கிலோபாஸ்கல், அதில் ஆக்சிஜன் 21. உங்கள் ஊர் 2,240 மீட்டர் உயரம். அங்கே மொத்தம் சுமார் 78, ஆக்சிஜன் சுமார் 16. கப்பலையும் 78இல் வைத்து, ஆக்சிஜனை 27 சதவீதமாகக் கூட்டினால் மறுபடி 21 கிலோபாஸ்கல் வந்துவிடும். கடல்மட்டத்து மனிதருக்கு மூச்சு வாங்காது, மலைக் கிரகத்தாருக்கும் அழுத்தம் குறைவாக இருக்கும்.

இதற்கு விலை உண்டு. ஆக்சிஜன் சதவீதம் ஏற ஏறத் தீ வேகமாகப் பரவும். 1967இல் அப்போலோ 1 தரைச் சோதனையில், தூய ஆக்சிஜன் நிரப்பிய கேபினில் தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். கதவு உட்பக்கமாகத் திறப்பது. உள்ளே அழுத்தம் ஏறியதும் திறக்க முடியவில்லை. பிறகு பறந்த அப்போலோ கலங்கள் விண்வெளியில் 34 கிலோபாஸ்கல் ஆக்சிஜனில் ஓடின. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 72 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. சமையலறைக் காட்சி வைத்திருந்தால் இதைக் கவனியுங்கள்.

இன்னொன்று: 101இல் இருக்கும் ஆள் கதவைத் திறந்து நேரே 34க்குள் நடந்துபோக முடியாது. ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகி மூட்டுகளில் வலி எடுக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டித் தூய ஆக்சிஜன் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். நண்பனைக் காப்பாற்ற ஓடுகிறவன் ஏர்லாக்கில், அதாவது இரண்டு கதவுகளுக்கு நடுவே அழுத்தம் மாற்றும் சிறு அறையில், காத்திருக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அருமையான அத்தியாயம் இது.

கோத்தகிரி: மொழிபெயர்ப்புக் கருவி வைத்தால் தப்பா?

பதில்: தப்பில்லை. அது எதில் தடுமாறும் என்று எழுதுங்கள். வாசனையால் பேசும் இனம் சொன்னதை அறையிலிருந்து அழிக்க விசிறி போட வேண்டும். முந்தைய வாக்கியம் கலையாமல் அடுத்த வாக்கியம் கேட்காது.

கொடைக்கானல்: ஹைட்ரஜன் சுவாசிக்கும் இனத்தை மனிதர் கேபினுக்குப் பக்கத்துக் கேபினில் வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர்.

பதில்: அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் கப்பல் வெடிக்கலாம். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் ஒரு பொறி போதும். நடுவில் நைட்ரஜன் நிரப்பிய இடைச்சுவர் வேண்டும், அதன் அழுத்தம் இரு பக்கத்தையும்விடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் கசிந்தால் நைட்ரஜன் வெளியே போகும், ஹைட்ரஜன் உள்ளே வராது.

ஏர்லாக் இப்படி: 100 கிலோபாஸ்கலை 1க்கு இறக்குங்கள், நைட்ரஜனால் நிரப்புங்கள், மறுபடி 1க்கு இறக்குங்கள், மறுபடி நிரப்புங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பழைய வாயு நூறில் ஒரு பங்காகும். இரண்டு சுற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவசரத்தில் ஒரு சுற்றை விட்டுவிடுகிறவர்தான் உங்கள் விபத்துக்குக் காரணம். ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் பூமியிலேயே, மாட்டின் வயிற்றிலேயே உண்டு. அந்த இனத்தின் மூச்சில் மீத்தேன் வரும். அதையும் கணக்கில் எடுங்கள்.

கூடலூர்: முதுமலை யானைகள் மாதிரி தாழ்ந்த ஒலியில் பேசும் இனம். மனிதருக்குக் கேட்காது. ரகசியம் பேசச் சௌகரியம் என்று நினைத்தேன்.

பதில்: நேர் எதிர். யானை எழுப்பும் தாழ்ந்த ஒலி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் போகும், காட்டில் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். அந்த ஒலிக்குக் கப்பல் சுவரெல்லாம் பெரிய தடை இல்லை. அவர்கள் இனத்தில் யாரும் ரகசியம் பேச முடியாது. கப்பல் முழுவதும் கேட்கும்.

நம் காற்றில் 15 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 23 மீட்டர். இரு முனையும் மூடிய, 11 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நடைபாதை இருந்தால் அந்த ஒலி அதில் சிக்கி அதிரும். முனைகளில் நிற்பவருக்குப் பலமாகவும், சரியாக நடுவில் நிற்பவருக்குக் கேட்காமலும் போகும். உத்தரவு வந்தபோது அந்த மாலுமி நடுவில் நின்றிருந்தார் என்று எழுதுங்கள். குற்றம் சாட்டுகிறவரும் பொய் சொல்லவில்லை, மறுப்பவரும் பொய் சொல்லவில்லை.

முத்தோரை: டெலஸ்கோப்புக்கு வரும் சிக்னலில் கதை தொடங்கலாமா?

பதில்: அது தொடர்புக் கதை, பயணக் கதை அல்ல. 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப் உங்கள் ஊர்ச் சரிவிலேயே இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு நாள் கேளுங்கள்.

பழனி: அக்கா, வேற்றுலகத்தார் வந்தார் என்பதா, வந்தது என்பதா?

பதில்: வந்தார். நன்னூல் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது. அறிவோடு பேசுகிறவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று இலக்கணம் கேட்கவில்லை. ஆண், பெண் பிரிவே இல்லாத இனத்துக்கும் இது பொருந்தும்.

கூடலூர்: ஒத்துக்கொள்ள மாட்டேன். யானையை அது என்கிறோம், மரியாதை குறைகிறதா? குழந்தை அழுதது என்கிறோம். எல்லோரையும் அவர் ஆக்கினால் எட்டுக் கால் உள்ளவரும் தாசில்தார் மாதிரிதான் தெரிவார். அந்நியத்தன்மை போய்விடும்.

கோத்தகிரி: தொல்காப்பியம் மக்களைத்தான் உயர்திணை என்கிறது. நன்னூலை மட்டும் எடுத்தது நியாயமா?

பதில்: இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. குழந்தைக்கு வரும் அது நெருக்கத்தில் வருவது, நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பலில் ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவிடுகிறார். கேப்டன் கட்டளையிட்டது என்று எழுதினால் வாசகர் கேப்டனை இயந்திரம் என்று எடுத்துக்கொள்வார். அந்நியத்தன்மையை வினைமுற்றில் தேடாதீர்கள். உடலில், நேரத்தில், பழக்கத்தில் வையுங்கள். தொல்காப்பியம் பற்றி: கதைசொல்லி எந்த வழியை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை அதிலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் பிடிவாதம். பாத்திரங்கள் மாறலாம். முதல் அத்தியாயத்தில் அது என்று பேசிய இன்ஜினியர் பத்தாவது அத்தியாயத்தில் தன்னையறியாமல் அவர் என்றால், எதுவும் விளக்காமலே வாசகருக்குப் புரிந்துவிடும். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கையில் இருக்கிற வசதி இது. வீணாக்காதீர்கள்.

கூடலூர்: கூட்டு மனம் உள்ள இனம் என்றால்? ஆறு உடல், ஒரு மனம்.

பதில்: பேசும்போது ஒருமை, உடல்கள் நகரும்போது பன்மை. ஒரு உடல் இறந்தால் யார் இறந்தார் என்ற கேள்விக்குக் கப்பலின் பதிவேட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊட்டி: சுழலும் கப்பல். ஒவ்வொருவருக்கும் வேறு ஈர்ப்பு தர முடியுமா?

பதில்: முடியும், அதுதான் சுழற்சியின் அழகு. நிமிடத்துக்கு 2 சுற்று என்றால் பூமி ஈர்ப்புக்கு ஆரம் 224 மீட்டர். அச்சிலிருந்து 85 மீட்டரில் செவ்வாயின் ஈர்ப்பு. இரண்டு மடங்கு வேண்டுமென்றால் 447 மீட்டர். கனமானவர்கள் வெளி வளையத்தில், மெலிந்தவர்கள் உள்ளே. விருந்துக்கு எல்லோரும் ஒரே பக்கம் கூடினால் கப்பல் தள்ளாடும், எதிர்ப்பக்கத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும்.

கொடைக்கானல்: குறிஞ்சி மாதிரி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் இனம் பெருக்கும் உயிர்கள். பயணம் இருபது வருடம்.

பதில்: நல்ல கேள்வி. 2006, 2018 என்று குறிஞ்சி ஒரே பருவத்தில் பூத்து, விதை போட்டுப் பட்டுப்போகிறது. அதே போலென்றால் அந்த வருடம் உங்கள் கப்பலில் அந்த இனத்தார் அத்தனை பேரும் ஒன்றாகக் கடமையை விடுவார்கள், பிறகு இறப்பார்கள். வெவ்வேறு பருவக் கூட்டத்திலிருந்து ஆள் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் ஏன், யார் மறைத்தது என்பது கதை.

குன்னூர்: மொழிபெயர்ப்புக் கருவி எப்படி வேலை செய்யும்?

பதில்: கோத்தகிரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பழனி: கருவியே காதில் பொருத்தியிருந்தால்?

பதில்: காது இருக்கிறதா என்று முதலில் எழுதுங்கள். வாயு, அழுத்தம், வெப்பம், ஈர்ப்பு எழுதினீர்களா? மூன்றாவது முறை இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

கோத்தகிரி: எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடலாமா?

பதில்: உட்காரலாம். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள் இடக்கை, வலக்கை மாதிரி ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரு வகையில் இருக்கலாம். பூமி உயிர்களின் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. வலக்கை வகை இனத்தாருக்கு நம் பருப்பால் வயிறு நிறையலாம், சத்துச் சேராது. எனவே தனிச் சரக்கு, தனி அறுவடை. அதைவிட முக்கியம் கழிவுநீர். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 98 சதவீதத் தண்ணீர் மீட்கப்படுகிறது. உங்கள் கப்பல் கழிவை நுண்ணுயிரால் சிதைப்பதென்றால், அவை இந்தப் பக்கத்துப் புரதத்துக்குப் பழகியவை. இரு இனத்தாரின் கழிவும் ஒரே குழாயில் போனால் மறுபக்கத்துப் புரதம் சரியாகச் சிதையாமல் தொட்டியில் வண்டலாகச் சேரும், வடிகட்டி அடைக்கும், தண்ணீர் குறையும். குழாயை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்து வரையுங்கள்.